பூட்டிய வீட்டிலிருந்து பேசிய என் மகன்

போனில் பேசியது என் மகன் முத்துதான். ஆனால் அது அவன் பேச்சு இல்லை. அன்று நான் பட்ட பயத்தையும், மாரியாத்தா எனக்குக் காது கொடுத்ததையும் சொல்லாமல் இருந்தால் என் மனம் ஆறாது.

நாங்கள் ராஜபாளையம். வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் வேலை. முத்து என்ஜினீயரிங் முடித்ததும், அதே மில்லில் சூப்பர்வைசராகச் சேரச் சொன்னார். "இதுக்குத்தான் படிச்சேனா? நான் போக மாட்டேன்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து, கல்லூரியில் அவனுக்கு மூத்தவன் ஒருவன் வடக்கே நல்ல வேலை இருப்பதாகக் கூப்பிட்டான். அனுப்பவா, வேண்டாமா? ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மன் கோவிலில் பூக்கேட்டோம். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலத்தில். வெள்ளை வந்தால் போகலாம். வெள்ளைதான் வந்தது. அதற்குமேல் நான் கம்பெனி பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஆத்தாளே சொல்லிவிட்டாள், பிறகென்ன!

போய்ச் சேர்ந்ததாகச் சொன்னவன், அப்புறம் போனை எடுக்கவே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் கூப்பிட்டான்.

"அம்மா, நல்லா இருக்கேன். நல்ல வேலை. நம்ம தெரு செல்வத்தையும் அனுப்பி வைம்மா."

என்னை வம்புக்கு இழுக்காமல் ஒரு வார்த்தை பேசாத பயல், பாடம் ஒப்பிப்பதுபோல் பேசினான். பக்கத்தில் யாரோ தமிழில், "இன்னொரு தடவ சொல்லு" என்று அதட்டியது எனக்குக் கேட்டது.

"ஏலே, என்னலே ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா." வைத்துவிட்டான்.

அப்படியே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். சன்னதியில் நின்று கத்தினேன். "நீ சொல்லித்தான அனுப்புனேன்? அவன் வாயில இருந்து ஒரே ஒரு உண்மைய எனக்குக் கேக்க வை தாயே. அம்புட்டுதான் கேக்கேன்!" சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன்.

மறுநாள் மறுபடி கூப்பிட்டான். அதே பேச்சு, அதே செல்வம். எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருந்த பக்கத்து வீட்டு லட்சுமியக்கா போனை வாங்கினாள். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். முத்து அவள் மடியில் வளர்ந்தவன், இருவரும் எப்போதும் தெலுங்கில்தான் பேசிக்கொள்வார்கள். அன்றும் அப்படியே நலம் விசாரித்தாள். அவன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னது கேட்டது; எனக்குத் தெலுங்கு புரியாது. அக்கா முகத்தில் ரத்தமே இல்லை.

போனை வைத்ததும் என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, வேலைன்னு ஏமாத்திப் பிள்ளையப் பூட்டி வச்சிருக்காங்க. ஊர்ப் பயலுகளையும் இதுல சிக்க வைக்கக் கூப்பிடச் சொல்லி அடிக்காங்களாம். ரயில்வே கேட்டுப் பக்கத்துல, பச்சைத் தண்ணி டேங்க் இருக்க வீடாம்."

காவலுக்கு நின்றவனுக்குத் தமிழ் தெரியும், தெலுங்கு தெரியாது. சும்மா குசலம் விசாரிக்கிறார்கள் என்று விட்டுவிட்டான்.

லட்சுமியக்காவின் தம்பி, முத்து போயிருந்த ஊரிலேயே நூல் வியாபாரம் செய்கிறார். உடனே போலீசைக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குள் அவர்களுக்குத் தெரிந்து, பிள்ளையை ஏதாவது செய்துவிட்டால்? அந்தச் சில மணி நேரம் எனக்கு உயிர் இருந்ததா என்றே தெரியாது. கடைசியில் வேறு ஒரு போனிலிருந்து முத்துவின் குரல் வந்தது: "அம்மா, வெளிய வந்துட்டேம்மா." அவனோடு அடைபட்டிருந்த பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். தரையில் விழுந்து கும்பிட்டேன்.

இப்போது முத்து புனேயில் வேலை பார்க்கிறான். இந்தத் தடவை அவன் அப்பாவே கூடப் போய், இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். கும்பிடுவதையும் விடவில்லை, விசாரிப்பதையும் விடவில்லை.

பிள்ளையை வெளியூருக்கு அனுப்பியவர்களே, பயப்படாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கே இன்னும் பயம் விட்டபாடில்லை. அந்தப் பயத்தோடேயே மாரியாத்தாளிடம் போங்கள். வெட்கப்படாமல் சத்தம் போட்டுக் கேளுங்கள். அவளும் தாய்தானே, கோபித்துக்கொள்ள மாட்டாள்.