மங்கையர்க்கரசி வெட்டிய கரை

மங்கையர்க்கரசி என்ற பெயரை முழுசாகச் சொல்ல போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் சரிவில் ஆள் கிடையாது. வங்காளிகள் மங்கா தீதி என்றார்கள். தெலுங்குக்காரர்கள் மங்கம்மா என்றார்கள். ரேஷன் கடைக்காரருக்கு அவள் மங்கா பாய். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள். ஆனால் "கண்மாய்க்காரி" என்று யாராவது கூப்பிட்டுவிட்டால் போதும், முகமெல்லாம் பல்லாகிவிடும். அந்தப் பெயர் எப்படி வந்தது, அதனால் அவள் என்ன பாடு பட்டாள் என்று சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

அவள் பிறந்தது பரமக்குடிப் பக்கம். அப்பா கண்மாய்க் காவல்காரர். மழைக்காலம் வந்துவிட்டால் மனுஷன் வீட்டில் படுக்கமாட்டார். தலைமாட்டில் அரிவாளை வைத்துக்கொண்டு கண்மாய்க் கரையிலேயே கிடப்பார். பக்கத்து ஊர்க்காரன் வந்து கரையை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுவான் என்ற பயம். அந்தச் சீமையில் கொலை செய்து ஜெயிலுக்குப் போய் வந்தவனுக்குக்கூடப் பெண் கொடுத்துவிடுவார்கள், கரை வெட்டினவன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். மங்கையர்க்கரசி அந்தக் கரையில்தான் வளர்ந்தாள்.

ஜம்புலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு, ஐம்பதுகளின் கடைசியில் மெட்ராஸ் கப்பலேறிப் போர்ட் பிளேருக்கு வந்தாள். அவன் பி.டபிள்யூ.டி.யில் கொத்தனார். வந்து இறங்கிய வருஷமே மே மாதம் பிடித்த மழை கார்த்திகை வரைக்கும் விடவில்லை. வாழ்நாளில் அவ்வளவு தண்ணீரை அவள் பார்த்ததில்லை. வீட்டு வரிசைக்குக் கீழே ஒரு கழி ஓடியது. ஊர்க்காரர்கள் அதை நாலா என்பார்கள். மேட்டிலிருந்து மழைத்தண்ணீர் அதில் இறங்கும், அந்தப் பக்கமிருந்து கடல் ஏறும். இரண்டு பக்கமும் கண்டல் மரங்கள் சேற்றில் வேரூன்றி நிற்கும், வேர்களுக்கு நடுவே நண்டும் இறாலும் திரியும். அதையெல்லாம் அவள் எங்கே பார்த்தாள்? நல்ல தண்ணீர் வீணாய்க் கடலுக்குப் போகிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"கடவுள் கொட்டிக் குடுக்குறான், இதுக சமுத்திரத்துல ஊத்துதுக!" என்று குழாயடியில் நின்று கத்துவாள். மாசி பங்குனியில் குழாயில் சொட்டு வராதபோது அந்தக் கத்தல் எல்லோர் காதிலும் ஏறியது. அறுபத்து நாலாம் வருஷத்துக் கோடையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. கண்மாய் வேலை என்றால் வீட்டுக்கு ஒரு ஆள் மம்பட்டியோடு வரவேண்டும், கூலி கேட்கக்கூடாது, கூழ் பொதுவில். அதை அப்படியே இங்கே கொண்டுவந்தாள். தமிழன், தெலுங்கன், வங்காளி, மலையாளி என்று பார்க்காமல் வீடுவீடாய்ப் போய் வாசலில் நின்றாள். வராதவன் வீட்டில் அவளே உள்ளே போய் மம்பட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வீட்டு ஷெஃபாலி மட்டும்தான் அன்றைக்கே தடுத்தாள். கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாய் வந்தவள், ஆறும் கடலும் கலக்கிற சீமையில் பிறந்தவள். "மங்கா தீதி, யே தாலாப் நஹி ஹை, குளம் இல்லே. இதைக் கட்டாதே. பானி ஆத்தா ஹை, ஜாத்தா ஹை, வரும் போகும். அது மூச்சு" என்றாள், தனக்குத் தெரிந்த தமிழையும் தீவு இந்தியையும் கலந்து.

"ஆமா, மூச்சு விடுது! நீ மீனைத் தின்னு, எனக்குத் தண்ணி வேணும்" என்று அவளை மடக்கிவிட்டாள் மங்கையர்க்கரசி.

கழியின் வாயில் கரை எழும்பியது. ஜம்புலிங்கம் கருங்கல்லை இழைத்து மடை வைத்தான். அவன் கட்டியதிலேயே அழகான வேலை அதுதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கடல் வெளியே நின்றது, மழைத்தண்ணீர் உள்ளே நின்றது. முதல் வருஷம் சும்மா சொல்லக்கூடாது, ராஜபோகம்தான். குடம் குடமாய் நல்ல தண்ணீர், கரையோரம் கீரைப்பாத்தி, வரிசை முழுக்கத் துவைத்த துணி. கண்மாய்க்காரி என்ற பெயர் அப்போது வந்ததுதான். கப்பலில் ஊருக்குப் போனவர்கள் அப்பாவிடம் சொன்னார்களாம். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கடல் கடந்து போயும் எம்மக கண்மாய் கட்டியிருக்கா என்று டீக்கடை டீக்கடையாய்ச் சொல்லித் தீர்த்துவிட்டார்.

அடுத்த வருஷமே ஆட்டம் கண்டது. கண்டல் மரங்கள் ஒவ்வொன்றாய் இலை கொட்டி மொட்டையாகின. மேட்டு வீடுகளின் சாக்கடையும் மரமறுக்கும் பட்டறையின் தூளும் முன்பெல்லாம் கடல் இறங்கும்போது கூடவே போய்விடும். இப்போது எங்கே போகும்? அப்படியே மிதந்து, ஊறி, கறுத்தது. தண்ணீரின் மேல் பச்சையாய் ஆடை படிந்தது. கொசு ராஜ்யம். வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். நண்டு போன இடம் தெரியவில்லை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் சோறு இறங்காது. கண்மாய்க்காரி என்று கூப்பிட்ட வாய்களே "மங்கா கா கட்டர்", மங்காவின் சாக்கடை, என்று மூக்கைப் பிடித்தன. அவளோ, நல்ல மழை ஒண்ணு பெய்தால் எல்லாம் சரியாய்ப் போகும் என்று மூன்று வருஷமாய் அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் அவளுக்கே தெரியும். ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சமயத்தில்தான் காண்ட்ராக்டர் பன்னீர்செல்வம் வந்து சேர்ந்தான். வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு, பார்க்கிற பெண்களெல்லாம் அக்கா. செத்த குட்டையை மண் கொட்டி மூடிவிடலாம், மேலே மரக்கிடங்கு போடலாம், வரிசைக்கு நல்ல ரோடு, ஆண்களுக்கு வேலை என்று அடுக்கினான். நாற்றத்தில் கிடந்த சனம் உடனே தலையாட்டியது. ஜம்புலிங்கமும்தான். கழிக்குள் முளைகளை அடித்து, சிவப்புத் துணியும் கட்டிவிட்டுப் போனார்கள் காண்ட்ராக்டரின் ஆட்கள்.

மங்கையர்க்கரசிக்குச் சுரீரென்றது. தண்ணீர் போகிற வழியை அவளுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. குழாயடியில் அவனை மறித்தாள்.

"தம்பி, மேட்டுத் தண்ணி முழுக்க இதுலதான் இறங்குது. இதை மூடிட்டா அடுத்த மழைக்கு அது எங்கே போகும்? எங்க அடுப்படிக்குள்ளேதான் வரும்."

"அதெல்லாம் பெரிய ஆபீசர் பார்த்துப்பாருக்கா. பௌர்ணமி அன்னிக்குக் காலையில் இடம் பார்க்க வர்றார். செத்த குட்டைன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சது." பன்னீர்செல்வம் குரலைத் தழைத்துக் குழைந்தான். "நிஜத்தைச் சொல்லட்டுமா? கடல் ஏறி இறங்குற இடமா இருந்தா ஆபீசில் தொடவே மாட்டாங்க. நீங்க கரை போட்டீங்க பாருங்க, அதனாலதான் இது நம்ம கைக்கு வருது. எல்லாம் உங்க புண்ணியம்கா."

அடப்பாவி! செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு நேரே ஷெஃபாலி வீட்டுக்குப் போனாள். மீன் கழுவிக்கொண்டிருந்தவளின் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"நீ சொன்னதுதான் சரி. எனக்குத்தான் புத்தியில்லை. கரையை வெட்டினா அந்த மூச்சு திரும்ப வருமா?"

ஷெஃபாலி "நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையைக் கடைசிவரை மங்கையர்க்கரசி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். "பூர்ணிமா அன்னிக்குப் படா பானி, பெரிய தண்ணி வரும்" என்றாள் ஷெஃபாலி. "விடியும்போது கடல் ரொம்பக் கீழே. அப்பவே வெட்டு. கந்தா பானி, அழுக்கெல்லாம் சப் போய்விடும். ஆபீஸ் டைம்ல கடல் மேலே. பூரா பர் ஜாயேகா, ரொம்பிடும்."

வங்காளி வீடுகளுக்கு ஷெஃபாலி போனாள், மற்ற வீடுகளுக்கு மங்கையர்க்கரசி. ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சு. "கட்டச் சொன்னதும் நான்தான், அது தப்பு. வெட்டச் சொல்றதும் நான்தான். பௌர்ணமி அன்னிக்கு விடியக்காலம் வீட்டுக்கு ஒரு ஆள் வாங்க."

"கட்டறதும் கலைக்கிறதும், இதென்ன மணல்வீடா?" என்று இளித்தாள் கோடிவீட்டுப் பொன்னம்மா.

"ஆமாடி, மணல்வீடுதான். அதுக்குள்ளேதான் நீயும் இருக்கே. மழை வந்தா உன் அடுப்பு மிதக்கும், அப்ப வந்து சிரி."

வீட்டில்தான் பெரிய பாடு. "என் கையால இழைச்ச கல்லு" என்றான் ஜம்புலிங்கம். அவனுக்குக் கல்லென்றால் அவளுக்குக் கரை. ஊரில் அப்பா இன்னமும் டீக்கடையில் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருப்பார். கரை வெட்டினவளின் அப்பன் என்று அவரை நாலு பேர் பார்க்கும்படி ஆகிவிடுமே என்ற நினைப்போடுதான் மூலையில் கிடந்த மம்பட்டியை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

பௌர்ணமியன்று விடிந்த கையோடு கரையில் கூட்டம் கூடிவிட்டது. வரவே மாட்டாள் என்று எல்லோரும் நினைத்த பொன்னம்மாகூடப் புருஷனைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். எல்லோரும் மங்கையர்க்கரசியைப் பார்த்தார்கள். முதல் வெட்டு அவளுடையதாய் இருக்கவேண்டும் அல்லவா? மம்பட்டியை ஓங்கினாள். கை இறங்கவில்லை. அரிவாளோடு மழையில் படுத்திருக்கிற அப்பா கண்ணுக்குள் வந்து நின்றார்.

அப்போது டங்கென்று ஒரு சத்தம். ஜம்புலிங்கம் கடப்பாரையை மடைக்கல்லின் இடுக்கில் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தான். "நான் வச்ச கல்லை நான் எடுக்கிறேன். நீ உன் வேலையைப் பாரு புள்ள."

அப்புறம் என்ன, மம்பட்டி இறங்கியது! ஆளுக்கொரு பக்கம் வெட்டினார்கள். கறுப்புத் தண்ணீர் முதலில் கசிந்தது, பிறகு மண்ணை அரித்துக்கொண்டு பாய்ந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது, ஒருவரும் நகரவில்லை. மூன்று வருஷத்து அழுக்கும் கடலைப் பார்த்து ஓடியது. அடிச்சேறு தெரிந்தது. கொஞ்ச நேரம் எல்லாம் அப்படியே நின்றது. பிறகு வெட்டிய வாய் வழியாகத் தெளிந்த தண்ணீர் ஒரு நாக்கு உள்ளே நீண்டது. ஷெஃபாலி கையைத் தட்டிக் குரவையிட்டாள்.

ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கியபோது, குட்டை இருக்க வேண்டிய இடத்தில் கடல் தளும்பிக்கொண்டிருந்தது. சிவப்புத் துணி கட்டிய முளைகள் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஒன்றையொன்று முட்டி மிதந்தன. பன்னீர்செல்வத்தின் சிரிப்பு எங்கோ போயிருந்தது.

"சாப், நேத்துவரைக்கும் இது செத்த தண்ணி சாப்" என்று திக்கினான்.

சேறு அப்பிய சேலையோடு மங்கையர்க்கரசி முன்னால் வந்தாள். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுக்கொண்டு, பக்கத்தில் துப்பினாள். "நமக் ஹை சாப், உப்பு! சமுந்தர் ஹை! வேணும்னா நீங்களும் குடிச்சுப் பாருங்க."

ஆபீசர் குடிக்கவில்லை. அவர் பூட்ஸைத் தண்ணீர் தொட்டது, இரண்டடி பின்வாங்கினார், அது மறுபடி தொட்டது. கடல் ஏறுகிற இடத்தைக் கிடங்குக்குக் கொடுக்க முடியாது என்று பன்னீர்செல்வத்திடம் இந்தியில் இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

"கரையை வெட்டியிருக்காங்க சாப்! கேஸ் போடணும்!"

"கோன்சா பாந்த்?" என்றார் ஆபீசர். "என் வரைபடத்தில் இங்கே கரையே கிடையாது. இல்லாத கரையை யார் வெட்ட முடியும்?" ஜீப் கிளம்பிவிட்டது. அன்றைக்கு அந்த வரிசையில் ஆண் பெண் எல்லோரும் சிரித்த சிரிப்பு அபர்டீன் பஜார் வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த மழைக்காலத்தில் மேட்டுத் தண்ணீர் முழுக்கக் கழி வழியாய் இறங்கிப் போனது. ஒரு அடுப்படியும் நனையவில்லை. மரங்கள் உடனே எழுந்துவிடவில்லை, அது வருஷக்கணக்கு வேலை. ஷெஃபாலியும் அவளும் கண்டல் விதைகளைப் பொறுக்கிவந்து சேற்றில் குத்திக் குத்தி வைத்தார்கள். பட்டறைக்காரன் மறுபடி மரத்தூளைக் கொட்ட வந்தபோது, வரிசைப் பெண்கள் போய் அவன் வாசலிலேயே அதைக் கூடை கூடையாய்த் திருப்பிக் கொட்டினார்கள். அதோடு அவன் அடங்கினான். நண்டு திரும்பி வந்த அன்றைக்குப் பொன்னம்மா வீட்டிலிருந்துதான் முதல் குழம்பு வந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மங்கையர்க்கரசி மெயின்லேண்ட் போனாள். கப்பல் நெடுக அவளுக்கு ஒரே கவலை. யாராவது முந்திக்கொண்டு சொல்லியிருப்பார்களோ? அவர் கேட்டால் என்ன சொல்வது? பொய் சொல்லிவிடலாமா? கட்டிலில் கிடந்தவர் அவளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"ஆத்தா, கண்மாய் எப்படி இருக்கு?"

அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். பொய் வரவில்லை.

"கரையை வெட்டிட்டேன் ஐயா. என் கையாலேயே."

கிழவர் பாதத்தை உருவிக்கொண்டார். வாழ்நாள் முழுக்கக் கரை காத்தவர் அல்லவா. பிறகு மெல்லக் கேட்டார்.

"தண்ணியெல்லாம் போயிருச்சா ஆத்தா?"

"இல்லை ஐயா" என்றாள் மங்கையர்க்கரசி. "வந்துச்சு."