நான் மூடச் சொன்ன கணக்கு

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில், என் மகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற அக்கா குடியிருக்கிறார். காலை எட்டரைக்குப் பாப்பாவை அவரிடம் விட்டுவிட்டு நான் பஸ் பிடிக்க ஓடுவேன். மாலையில் திரும்பி வரும்போது பாப்பா சாப்பிட்டு, முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாப்பாம்மா என்பார். நான் அவருக்குச் செய்ததை எழுதுவதற்கு முன், அவர் எனக்குச் செய்துகொண்டிருந்ததை எழுதிவிட வேண்டும் என்றுதான் இதை முதலில் வைக்கிறேன்.

ஒவ்வொரு மாதமும் நான் கொடுக்கும் சம்பளத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாயை அக்கா உடனே பிரித்து பைபிளுக்குள் வைத்துவிடுவார். பத்தாம் தேதி ஒரு ஏஜென்ட் வருவார். தபால் நிலைய ஆர்.டி. சேமிப்புக்கு வீடு வீடாகப் பணம் வாங்கிக் கட்டுகிறவர், ஐம்பது வயதுப் பெண்மணி. பணத்தை எண்ணிப் பையில் போட்டு, கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். ஐந்து வருடக் கணக்கு அது. அக்காவின் மகள் பன்னிரண்டாம் வகுப்பான பி.யு.சி. முடிக்கும் நேரத்தில் முடியும். அவளை நர்சிங் சேர்ப்பதற்காகத் தொடங்கியது.

எனக்கும் ஓர் ஆர்.டி. உண்டு, வங்கியில். பாப்பா பிறந்ததும் பள்ளிக்கூடச் சேர்க்கைக்காகப் போட்டது. நான் பி.காம். படித்தவள்; ஓர் அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். ஆனாலும் அந்த ஆர்.டி. போட்ட நாளிலிருந்து அது சரியா தவறா என்று யோசிக்காத வாரம் கிடையாது. வேறு எதிலாவது போட்டிருக்கலாமோ, தங்கம் வாங்கியிருக்கலாமோ என்று மனம் அலையும். வங்கிகள் வட்டியைக் குறைக்கத் தொடங்கிய சமயத்தில் இது இன்னும் மோசமாயிற்று.

“வட்டி குறையுதாம். நம்ம ஆர்.டி.ய என்ன பண்றது?” என்று கணவரிடம் கேட்டேன்.

“ஒண்ணும் பண்ண வேணாம். போட்ட அன்னிக்கு என்ன வட்டியோ அதுதான் கடைசி வரைக்கும். நீதான எனக்கே சொன்ன.”

“புதுசா இன்னொண்ணு போட்ரலாமா, இன்னும் குறையறதுக்குள்ள?”

“போடலாம். எதை வெச்சு?”

என் கணக்கில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்தவர் கணக்கின் மேல் என் கண் போனது.

ஒரு நாள் மாலை அக்காவின் ஆர்.டி. பாஸ்புக் மேசைமேல் இருந்தது. கேட்டுவிட்டு எடுத்துப் பார்த்தேன். வட்டி மிகவும் கீழே கிடந்த காலத்தில் தொடங்கிய கணக்கு. இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதைவிட ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடுதல். தபால் நிலையமும் சீக்கிரம் குறைத்துவிடும் என்று எனக்குள் ஒரு பதற்றம். மறுநாள் மதியம் அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பழையதை மூடி, வருகிற மொத்தத்தை டெபாசிட்டில் போட்டு, மாதாமாதம் கட்டுவதைப் புதுக் கணக்கில் கட்டினால் எவ்வளவு வரும் என்று கட்டம் கட்டமாக ஒரு தாள். அதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைக்கப் பிடிக்கவில்லை.

அக்கா தாளைப் பார்த்தார். படித்தாரா என்று தெரியவில்லை.

“நடுவுல மூடினா பிடிப்பாங்கல்ல, பாப்பாம்மா?”

“பிடிப்பாங்க, கொஞ்சமா. ஒரு பர்சென்ட் போகும். அது புதுக் கணக்குல வந்துரும்.”

“எதுக்கும் ஏஜென்ட் அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கறனே.”

“அவங்க மூட வேணாம்னுதான் சொல்லுவாங்க அக்கா. அவங்களுக்கு கமிஷன் இருக்குல்ல.”

ஒரு சதவீதம் என்பது என் வங்கியின் விதி. தபால் நிலையத்தின் விதியை நான் பார்க்கவே இல்லை. அங்கே ஐந்து வருடம் முடியாமல் மூடினால், கட்டிய முழுக் காலத்துக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான். இதைத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். மதியம் முழுக்கக் கணக்குப் போட்டவளுக்கு அந்த ஐந்து நிமிடம் தோன்றவில்லை. போதாததற்கு, விதி தெரிந்த ஒரே ஆளையும் கேட்காதபடி செய்துவிட்டேன்.

“நீங்க படிச்சவங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் அக்கா.

அடுத்த வாரம் அவரே போய்ப் படிவம் எழுதிக் கொடுத்து மூடிவிட்டு வந்தார்.

அதற்கு அடுத்த பத்தாம் தேதி சனிக்கிழமையாக இருந்தது. எனக்கு அரை நாள் வேலை. பாப்பாவை அழைத்துவர நான் போனபோது ஏஜென்ட் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“நாற்பது கார்டு வெச்சிருக்கேன். இந்த வீட்டு கார்டு ஒரு மாசம் லேட் ஆனதில்ல. அத போய் மூடியிருக்கீங்க. எதுக்கு?”

“வட்டி கம்மியா இருந்துச்சு” என்றார் அக்கா.

“இப்ப ஜாஸ்தி வந்துதா? கையில கம்மியாதான குடுத்திருப்பாங்க. கிட்டத்தட்ட மூவாயிரம் போச்சு. ஆச்சு, போகட்டும். வந்த பணத்தையாவது டெபாசிட்ல போட்டீங்களா?”

ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்த மகள்தான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: “மாமா வாங்கிட்டுப் போயிட்டாங்க. பணம் ஏறின மெசேஜ் வந்தப்ப நான் சத்தமா படிச்சுட்டேன். மாமா சாப்பிட்டுட்டு இருந்தாங்க.”

அக்காவின் தம்பி சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோ கடனுக்கு மூன்று தவணை பாக்கி. எண்பதாயிரத்துக்கு மேல் வந்த பணத்தை, ஆறு மாதத்தில் தருவதாகச் சொல்லி வாங்கிப் போய்விட்டாராம்.

“இத்தன வருஷம் அவன் கேக்கறப்பெல்லாம், அது தபால் ஆபீஸ்ல மாட்டிட்டு இருக்கு, எடுக்க முடியாதுன்னு சொல்லுவீங்க” என்றார் ஏஜென்ட். “என்னையும் ஆமா சொல்ல வெச்சீங்க. இப்ப நீங்களே எடுத்து வெச்சுட்டீங்க. யாரு சொன்னா மூடச் சொல்லி?”

ஏஜென்ட் திரும்பி என்னைப் பார்த்தார். “மேடம், நீங்க சொன்னீங்களா?”

என் கையில் பாப்பாவின் செருப்பு இருந்தது. அதன் வாரைச் சரிசெய்துகொண்டே சொன்னேன்: “இல்லங்க. நான் மூடச் சொல்லல. ரேட் மாறியிருக்கு, யோசிச்சுப் பாருங்கன்னுதான் சொன்னேன்.”

அக்கா உடனே, “ஆமா, அவங்க அப்படித்தான் சொன்னாங்க. நான்தான் அவசரப்பட்டு மூடிட்டேன்” என்றார்.

மகள் அப்போது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஆறு வாரம் நான் நடந்துகொண்ட விதம் எனக்கே அருவருப்பு. வெள்ளிக்கிழமைதோறும் ஏதாவது பழம் வாங்கிப் போனேன். ஒரு மாதம் சம்பளத்தோடு ஐநூறு கூடுதலாக வைத்தேன். அக்கா எண்ணிப் பார்த்து, தவறி வந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்தார். கணவரிடம் சொல்லவில்லை. மனதுக்குள் மட்டும் ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்: எவ்வளவு பெரிய மனசு இந்த அக்காவுக்கு, என்னை விட்டுக்கொடுக்கவில்லையே. அப்படி நினைக்கும்போது என் பொய் கொஞ்சம் சிறியதாகத் தெரிந்தது.

தம்பி பணம் தரவில்லை. மகளின் நர்சிங் பற்றி அந்த வீட்டில் பேச்சே எழவில்லை என்பதையும் கவனித்தேன். முன்பெல்லாம் அவள் எந்தக் கல்லூரியில் ஹாஸ்டல் நன்றாக இருக்கும் என்று என்னிடம் கேட்பாள். இப்போது நான் போனால் உள்ளறைக்குப் போய்விடுகிறாள்.

வட்டியில் போனதைச் சரியாகக் கணக்கிட்டேன்; இரண்டாயிரத்துச் சொச்சம் வந்தது. அதை மூவாயிரமாக்கி ஒரு கவரில் போட்டுக்கொண்டு ஒரு மாலை போனேன். அக்கா பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அன்னிக்கு ஏஜென்ட்கிட்ட நான் பொய் சொன்னேன்.”

“தெரியும். நானும் அங்கதான இருந்தேன்.”

“அப்பறம் ஏன் நீங்க ஆமான்னு சொன்னீங்க?”

அக்கா ரிப்பனைப் பல்லில் கடித்திருந்தார். எடுத்துக் கட்டி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“வேற என்ன சொல்லச் சொல்றீங்க. வெளியாள் முன்னாடி உங்கள பொய்க்காரின்னு சொல்லிட்டு, திங்கக்கெழம காலைல எட்டரைக்கு உங்க கையில இருந்து எப்படிப் பாப்பாவ வாங்குவேன்? நீங்க வேற ஆளப் பாத்துப்பீங்க. எண்பதாயிரம் போன வீட்டுல மாசச் சம்பளமும் போகணுமா?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அரிசி விலை சொல்வதுபோல் சொன்னார். ஆறு வாரம் நான் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தது என்னிடம் சம்பளம் வாங்குகிறவரின் பயம். அந்தப் பயத்தின் மேல் உட்கார்ந்துதான் நான் பழம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கவரை நீட்டினேன். வாங்க மாட்டார் என்று நினைத்தேன். வாங்கிப் பிரித்து எண்ணினார்.

“இது வட்டில போனது. இத நீங்க குடுக்கறது சரிதான், வாங்கிக்கறேன். மீதி தம்பிகிட்டதான் வரணும். வந்தா நர்சிங். வராட்டி டிகிரில சேத்துட்டு அவள எங்கயாச்சும் வேலைக்கு அனுப்பணும்.”

“புதுசா ஆர்.டி. ஏதாவது…” என்று ஆரம்பித்தேன். கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

“போட்டாச்சு. போன பத்தாம் தேதியே. இந்த தடவ ஆயிரம்தான் முடியும்.”

“வட்டி இப்ப எவ்வளவு சொன்னாங்க?”

“அது கேக்கல. நடுவுல எடுக்க முடியுமான்னு கேட்டேன். மூணு வருஷத்துக்கு மூடவே முடியாதுன்னாங்க. அப்ப போடுங்கன்னு சொல்லிட்டேன்.”

பாப்பாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்தக் கணக்கால் லாபமா நஷ்டமா என்று நான் போட்ட தாளில் எத்தனையோ கட்டங்கள் இருந்தன. தம்பி கேட்கும்போது இல்லை என்று சொல்ல முடிவது எவ்வளவு பெறும் என்று ஒரு கட்டம் அதில் இருக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில், அடுத்த பத்தாம் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். ஏஜென்ட் வரும்போது, அக்காவும் மகளும் இருக்கும்போது, மூடச் சொன்னது நான்தான் என்று சொல்ல வேண்டும். லீவுப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று எழுதினேன்.