நீர்வேலி மைதானத்திலிருந்து கட்டாருக்கு ஒரு நேரலை

பிற்பகல் இரண்டு மணிக்கு யாழ்ப்பாணத்தில் பேருந்து ஏறினேன். அச்சுவேலிச் சந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. சீட்டு எழுபது ரூபாய். நீர்வேலி வந்ததும் வாழைத் தோட்டங்களுக்கு அப்பாலிருந்து ஒலிபெருக்கி ஒன்று, "இறுதியாட்டம்! கரப்பந்தாட்ட இறுதியாட்டம்!" என்று அலறியது. அவ்வளவுதான், சந்தையாவது மண்ணாவது! எழுந்துவிட்டேன்.

"அக்கா, அச்சுவேலி இன்னும் வரேல்லை," என்றார் நடத்துனர்.

"மேட்ச் பாக்கப் போறேங்க!"

"அப்ப கெதியா இறங்குங்கோ. இண்டைக்கு இணுவில் அணியோடை மச். எங்கடை பெடியளுக்குக் கை தட்டவேணும், சரியே?"

மைதானத்தில் மதிலெல்லாம் தலைகள். உழவு இயந்திரத்தின் மீதுகூட ஏறி நின்றார்கள். ஓரத்துத் தகரக் கொட்டகையில் கேமராவும் மடிக்கணினியுமாக ஒரு இளம்பெண் அழுகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பெயர் யசோ. என்னவென்று கேட்டேன்.

"லைவ் போடவேணும் அக்கா. போனிலையிருந்துதான் இதுக்கு நெற் குடுத்திருக்கிறன். போனிலை எல்லாம் திறக்குது, இதிலை ஒரு சைற்றும் திறக்குதில்லை. ஒரே கரைச்சல்!"

போன வருடம் வரை நீர்வேலி அணிக்குத் தலைவன் அவள் கணவன் நிரு. இப்போது கட்டாரில் வேலை. அவன் அணி முதல் தடவையாக இறுதியாட்டத்துக்கு வந்திருக்கிறது. கெஞ்சி அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு கைபேசியும் கையுமாகக் காத்திருக்கிறானாம். ஆட்டம் தொடங்க அரை மணிதான் இருந்தது.

ஊர் சுற்ற வந்த இடத்திலும் விட்டதா பாருங்கள்! திருச்சியில் ஒரு கல்லூரியில் கணினிகளையும் இணையத்தையும் பார்த்துக்கொள்வதுதான் எனக்குப் பிழைப்பு. ஆனால் உள்ளூர ஒரே குஷி. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஓர் இணைய முகவரியை எண்ணாகத் தட்டினேன். உடனே பதில் வந்தது. அதையே பெயராகத் தட்டினேன். அப்படி ஒன்றும் இல்லை என்றது. ஆக, இணைப்பில் குறையில்லை. ஒவ்வொரு தளத்தின் பெயருக்கும் பின்னால் ஓர் எண் உண்டு. அதை மடிக்கணினி யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். யாரிடம் கேட்கிறது என்று அமைப்புகளில் பார்த்தால், தானாக வந்ததல்ல, யாரோ தட்டி வைத்த ஒரு முகவரி. அவள் வீட்டு ரவுட்டருடையது! வீட்டில் கேட்டால் அது சொல்லும். மைதானத்தில் நின்று கேட்டால் யார் சொல்வது?

"இதைப் போட்டது யாரும்மா?"

யசோவின் முகம் மாறியது. "அவர்தான். வீட்டிலை நெற் விட்டு விட்டு வந்ததெண்டு, கட்டாருக்கு வெளிக்கிட முதல்நாள் குந்தியிருந்து போட்டவர். உதிலை மட்டும் கை வைக்காதையும் எண்டிட்டுப் போனவர். இண்டைக்குத்தான் இதை வெளியிலை கொண்டுவந்தனான்." சொல்லிக்கொண்டே மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அணிகளை அழைத்து நடுவர் விசில் ஊதினார். எனக்குக் கையெல்லாம் பரபரத்தது. "அவரையே கேளேன்!" என்று கத்தினேன். கேட்டாள். கைபேசி அதிர்ந்தது: "ஐயோ, உதைத் தூக்கி எறியுமப்பா! மச் தொடங்கப் போகுது!"

முகவரியை அழித்தேன். தானாகவே பெற்றுக்கொள்ளும்படி மாற்றி, இணைப்பை ஒருமுறை துண்டித்து மறுபடி கொடுத்தேன். திறந்தது! நான் போட்ட கூச்சலில் பக்கத்திலிருந்தவர் கச்சான் கடலைப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டார்.

ஆட்டமா அது! முதல் சுற்று இணுவிலுக்கு, அடுத்தது நீர்வேலிக்கு. கடைசிச் சுற்றில் சமநிலை. ஒல்லியாக ஒரு பையன் எழும்பி ஓங்கி அடித்தான் பாருங்கள், ஊரே மைதானத்துக்குள் பாய்ந்தது. நீர்வேலிக்குக் கிண்ணம்! என் தொண்டை போயே போய்விட்டது.

திரையில் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வாழ்த்துகள் கொட்டின. நடுவே நிரு எழுதியிருந்தான்: "மச் பாத்தாச்சு. இனிக் கமராவை உம்மடை பக்கம் ஒருக்காத் திருப்பும்."

ஊர் உலகமெல்லாம் அதைப் படித்துவிட்டது. "திருப்பு தங்கச்சி, திருப்பு!" என்று ஆளாளுக்கு எழுதத் தொடங்கினார்கள்.

"மானத்தை வாங்கிறார்," என்று முணுமுணுத்தபடி யசோ தலையைக் கோதிக்கொண்டாள். பிறகு கேமராவைத் திருப்பினாள்.

எங்கள் கல்லூரியில் இணையம் நின்றால் எல்லோரும் என்னைத் திட்டுவார்கள். வந்துவிட்டால் ஒருவரும் நினைக்க மாட்டார்கள். இங்கேயும் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். யாழ்ப்பாணப் பேருந்துக்கு ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். கிண்ணத்தைக் காட்டச் சொல்லிப் பையன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். கேமரா இன்னும் யசோவின் பக்கமே இருந்தது.