கருப்பின் காலடியில் ஒரு வெள்ளைக் கல்

பக்கத்து நாற்காலிக்காரர் ஃபிளாஸ்க்கைத் திருகித் திறந்ததும் ஏலக்காய் மணம் எழுந்தது. தேனியில், ஆஸ்பத்திரி மாடி வராந்தாவின் மருந்து நெடியையும் மீறி, அது என்னை நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னே ஒரு மலையடிவாரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. மற்றவர்களுக்கு அது தேநீரின் மணம். எனக்கு அது அம்மாவின் கை. மலைமேல் ஏலத்தோட்டத்தில் நாளெல்லாம் செடிகளின் தூரில் குனிந்து காய் எடுத்துவிட்டு வருகிறவள் என் தலையைத் தடவினால், மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் சடை மணக்கும்.

அப்பா இறந்த வருஷம்தான் அம்மா மலைக்குப் போக ஆரம்பித்தாள். கம்பம் மெட்டு என்கிற மலைக் கணவாயின் அடிவாரத்தை ஒட்டி எங்கள் வீடு. விடிகிற நேரத்தில் ஜீப் வரும். அதற்குள் பெண்கள் நெருக்கி அடித்துக்கொண்டு உட்கார்வார்கள். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகிற இடத்தில், கூரையும் இல்லாமல் கதவும் இல்லாமல், பிதுங்கிய கண்ணும் ஓங்கிய அரிவாளுமாகக் கருப்பசாமி நிற்பார். அங்கே எல்லாரும் இறங்கி, ஆளுக்கொரு கல்லைச் சாமியின் காலடியில் வைத்துவிட்டுத்தான் மேலே போவார்கள். சாயங்காலம் இறங்கி வந்ததும் அவரவர் கல்லை எடுத்து ஓடையில் எறிந்துவிட்டு வீடு திரும்புவார்கள். "கல்லு கெடந்தா ஆளு மேல, கல்லு இல்லேன்னா ஆளு வீட்ல" என்பது அங்கே பேச்சு. மலையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கருப்புக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. அம்மா எப்போதும் வெள்ளை வெளேரென்று ஒரு "வெங்கச்சங்கல்"லாகத் தேடி வைப்பாள். ஏன் என்று கேட்டால், "மஞ்சு மூடுனா அவருக்குக் கண்ணு தெரியணும்ல" என்பாள்.

ஐப்பசியில் ஒருநாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் கருப்பின் முன்னால் நின்றேன். அவரைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறவள் நான். ஆனால் அன்று மேற்கே மேகம் கறுத்திருந்தது, வீட்டில் யாரும் இல்லை, எனக்கு அம்மா வேண்டும். ஒன்பது வயதின் கணக்கு ஒன்று தலையில் ஓடியது. கல் இல்லையென்றால் ஆள் வீட்டில் என்றால், கல்லை நான் எடுத்துவிட்டால் கருப்பு அம்மாவை வீட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டுமல்லவா? வெள்ளைக் கல்லை எடுத்து, எப்போதும் மை ஒழுகுகிற என் பேனாவுக்குப் பக்கத்தில் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.

வீட்டை எட்டுவதற்குள் மழை பிடித்தது. ஜீப் வருகிற நேரம் கடந்தது. மேலே வளைவில் மண் சரிந்துவிட்டது, வண்டி என்ன ஆனதென்று தெரியவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டு ஓடினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: மலையில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கருப்புக்குத் தெரியும், என் அம்மா இருப்பது மட்டும் தெரியாது. அவள் வீட்டுக்கு வந்துவிட்டதாக நான் அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

கல்லை எடுத்துக்கொண்டு நனைந்தபடி ஓடினேன். அங்கே குடைகளும் சாக்குகளுமாக ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ராயப்பன்பட்டியிலிருந்து வாக்கப்பட்டு வந்த, ஜீப் டிரைவரின் மனைவி செபமேரி அத்தையும் கழுத்தில் செபமாலையோடு ஒரு கல்லை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டிருந்தாள். யாரோ, "மாதாவ விட்டுப்புட்டு இங்கன வந்துட்டீகளாக்கும்" என்று சீண்ட, அவள் திரும்பாமலே சொன்னாள்: "மாதாகிட்ட எப்பயோ சொல்லியாச்சு. ரோட்ட இவருதான பாக்குறாரு." அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் கூட்டத்தின் கால்களுக்கிடையே நுழைந்து, அம்மாவின் இடத்தில் கல்லை வைத்தேன். கண்ணை மூடவில்லை. முதல் தடவையாக அந்தப் பிதுங்கிய கண்களை நிமிர்ந்து பார்த்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னேன்.

"எங்கம்மா வீட்டுக்கு வரல. மேலதான் இருக்கு. நாந்தான் எடுத்தேன்."

ஒன்றும் மாறவில்லை. மழை அதே மழை. ஜீப் சத்தம் இல்லை. ஆனால் எனக்குள் உதறிக்கொண்டிருந்த ஒன்று, தொட்டிலில் போட்ட பிள்ளையைப் போல மெல்ல அடங்கியது. ஓங்கிய அரிவாளின் கீழே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எந்த அரிவாளுக்குப் பயந்து ஓடினேனோ, அதன் அடியில்தான் அன்று எனக்கு ஒண்ட இடமிருந்தது. எதிரே மலை முழுக்க, நேற்றுவரை இல்லாத அருவிகள் வெள்ளை வெள்ளையாக இறங்கின. ஊரையே நிரப்பிய அந்த இரைச்சலுக்குள் எங்கோ ஓர் ஆழ்ந்த அமைதி இருந்தது. அவ்வளவு பெரியதன் முன்னே நான் அவ்வளவு சிறியவளாக இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. அது ஏன் என்று இந்த வயதுவரை எழுதி எழுதிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

பொழுது மங்குகிற நேரத்தில் வந்தார்கள். ஜீப்பில் அல்ல, ஒருத்தி முந்தானையை மற்றவள் பிடித்தபடி, சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்ட வரிசையாக, பழைய ஒற்றையடிப் பாதை வழியாக. கடைசியில் டிரைவர். அம்மா என்னைக் கட்டிக்கொள்ளுமுன் தன் கல்லை எடுத்தாள், கையில் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள், பிறகு ஓடையில் எறிந்தாள்.

வீட்டில் என் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். ஜீப்புக்கு முன்னால் பாதை அப்படியே பெயர்ந்து போனதாம். எல்லாரும் அலறினார்களாம். "எனக்கு மட்டும் பயமே வரலடி. கல்லு அங்கன கெடக்கு, அவருக்குத் தெரியும்னு சும்மா உக்காந்திருந்தேன்."

அந்த நேரத்தில் கல் அங்கே இல்லை. என் பைக்குள், கணக்கு நோட்டின் மேல் கிடந்தது. இல்லாத கல் அவளைத் தாங்கியிருக்கிறது. அதை அவளிடம் நாற்பது வருஷம் சொல்லவில்லை.

இன்று விடியற்காலை காரில் அவளைத் தேனிக்குக் கூட்டிவரும் முன், மெட்டு ரோட்டுக்குப் போகச் சொன்னாள். கருப்புக்கு இப்போது டைல்ஸ் தரை, கம்பிக் கதவு, பூட்டு. ஜீப்புகள் நிற்காமல் ஏறிப்போகின்றன. காலடியில் ஒரு கல்கூட இல்லை. அம்மா மூச்சு வாங்க இறங்கி, ஓடைக்கரையில் தேடி ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து, கம்பிக்குள் கைவிட்டு வைத்தாள்.

பிறகு இங்கே, இருதய ஆபரேஷனுக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது, என்னால் தாங்க முடியவில்லை. கட்டிலோடு நடந்துகொண்டே அந்த ஐப்பசி நாளைச் சொல்லிவிட்டேன். அம்மா சிரித்தாள். கதவு திறந்தது.

"அன்னைக்கே தெரியும்டி, கல்லுல ஒம் பேனா மை இருந்துச்சே. அவரு என்ன, கல்லப் பாத்துத்தான் ஆளத் தேடுவாரா? வாரேன்... இருந்தாலும் இன்னைக்கு எடுத்துறாத."