எனக்கு எதிரே வந்தது யார்?

கணவர் இறந்ததிலிருந்து எங்கள் தோட்டத்தில் நான் ராசியில்லாதவள். இலங்கையில் பதுளைக்குப் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். தினமும் காலையில் நான் வேலைக்குப் போகும்போது, பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பாக்கியம் அக்கா பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு எதிரே வருவார். என்னைக் கண்டதும் காறித் துப்புவார்.

போன மாதம் ஒருநாள், மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவிக்கூடு கலைந்து எங்கள் இருவரையும் கொட்டிவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே அக்கா, "காலையில இவ எதிர்ல வந்தப்பவே நெனச்சேன்" என்றார். பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

"தெனமும் எதிர்லதானே வர்றேன், மத்த நாள்ல ஏன் கொட்டல?" என்று கேட்டேன்.

"மத்த நாளையெல்லாம் எவ ஞாபகம் வச்சிருக்கா?" என்று எரிந்து விழுந்தார்.

பக்கத்துக் கட்டிலில் நானும் கழுத்து வீங்கித்தான் கிடந்தேன். அன்று காலை எனக்கு எதிரே வந்தது யார் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை.

முன்பு ஆட்களைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வேன். இப்போது நிமிர்ந்து, மரக்கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கொழுந்தில் கை வைக்கிறேன். குளவி அங்கேதான் கூடு கட்டுகிறது, என் முகத்தில் இல்லை.