பதினான்கு செவ்வாய்க்கிழமைகள்

கொடைக்கானல் தூண் பாறை முன்னால் நின்று நான் சொல்லும் பொய் ஒன்று உண்டு. சுற்றுலா வருகிறவர்களைக் காரில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. மேகம் இறங்கிப் பாறை தெரியாத நாளில், "பாறையை சர்வீசுக்கு விட்ருக்கு சார், நாலு மணிக்கு வந்துரும்" என்பேன். இருபது வருஷமாக எடுபட்ட ஜோக். அன்று "சர்வீசுக்கு" என்ற இடத்தில் குரல் கிழிந்தது. சேவல் குஞ்சு கூவப் பழகுவது போல ஒரு சத்தம். வந்தவர்கள் சிரித்தார்கள். ஜோக்குக்கு அல்ல.

அதுதான் முதல் அறிகுறி. நான் சுக்குக் காப்பி குடித்தேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ தொண்டை கம்மி மூன்று வாரம் தாண்டியிருந்தால், தயவுசெய்து இதை இந்த வரியோடு மூடிவைத்துவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். மிச்சத்தை அங்கே டோக்கன் வாங்கி உட்கார்ந்து படிக்கலாம். நான் போகவில்லை. நான் புனித அந்தோனியாரிடம் போனேன்.

என் பெயரும் அந்தோணி. அதனால் ஒரு சொந்தக்கார உரிமை. எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் அவருக்கு ஒன்பது செவ்வாய் நேர்ந்துகொள்வார்கள். ஒன்பது வாரம், செவ்வாய் தவறாமல் கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றி நவநாள் ஜெபம் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு வாரம் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. திருச்சபையில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் இருந்தது.

அதில் நானே ஒரு ஷரத்தைச் சேர்த்தேன். ஒன்பது முடியும்வரை டாக்டரைப் பார்ப்பதில்லை. வேண்டுதல் நடக்கும்போதே ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் புனிதர் மனம் நோக மாட்டாரா? கேட்க எவ்வளவு பக்தியாக இருக்கிறது பாருங்கள். உள்ளே இருந்தது பயம். டாக்டர் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார். பெயர் வைக்காதவரைக்கும் அது வெறும் கம்மல்.

அந்தோனியாருக்கு என்னவெல்லாமோ தருவதாகச் சொன்னேன். சிகரெட்டை மட்டும் பேச்சில் கொண்டுவரவில்லை. ஜெபம் முடிந்து கோவிலுக்குப் பின்புறம் போய் ஒன்றைப் பற்றவைப்பேன். மெழுகுவர்த்திக்கு வாங்கிய அதே தீப்பெட்டி.

ஐந்து செவ்வாய் ஒழுங்காகப் போனது. ஆறாவது செவ்வாய் ஒரு குடும்பத்தை மேல்மலைக் கிராமமான கவுஞ்சிக்கு அழைத்துப் போனேன். கேரட் பிடுங்குவதைப் பார்க்க வேண்டுமாம். திரும்பும் வழியில் மரம் விழுந்து பாதை அடைத்துக்கொண்டது. ஊர் வந்து சேர்ந்தபோது கோவில் பூட்டியிருந்தது.

இனிமேல் சொல்லப்போவதை நான் பாவசங்கீர்த்தனத்தில் (ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) சொல்வதற்கே பல மாதம் ஆனது. அந்தப் பூட்டைப் பார்த்ததும் எனக்கு வருத்தம் வரவில்லை. நிம்மதி வந்தது. ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்னும் ஒன்பது வாரத்துக்கு டாக்டரைப் பார்க்க வேண்டாம்.

என்னோடு நாயுடுபுரத்தில் வண்டி ஓட்டும் முருகேசன் பழனி அடிவாரத்துக்காரன். ஒரு நாள் டீக்கடையில் பிடித்துக்கொண்டான்.

"ஏலே அந்தோணி, ஒன் தொண்டை தகரம் இழுத்த மாதிரி கெடக்கு. காட்டுனியா இல்லையா?"

"நவநாள் ஓடுதுல. நடுவுல போகக் கூடாது."

"எங்க ஆளுக்கு முடியக் குடுத்தா அன்னைக்கே சோலி முடிஞ்சுது. ஒம்போது வாரம் தவணை கேக்குறது ஒங்க ஆளு மட்டுந்தாம்லே."

"அவர் கேக்கல. நாந்தான் கேக்கேன்."

சொன்ன பிறகுதான் அது ஜோக் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

இரண்டாவது சுற்றின் எட்டாம் வாரத்தில் காது வலித்தது. எச்சிலில் ரத்தம் நூல் போல வந்தது. ஒன்பதாவது செவ்வாயையும் முடித்தேன். மறுநாள் வெள்ளனே முருகேசன் வண்டியோடு வாசலில் நின்றான். மனைவி ஸ்டெல்லா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இருவரும் பேசிவைத்திருக்கிறார்கள். வண்டி மதுரை ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றது.

டாக்டரம்மா மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டார் (நுனியில் கேமரா இருக்கும், வலிக்காது, கண்ணில் நீர் மட்டும் கொட்டும்). திரையில் என் குரல்நாண்கள் தெரிந்தன. ஒன்று அசைந்தது. இன்னொன்றின் மேல் காலிஃபிளவர் மாதிரி ஏதோ உட்கார்ந்திருந்தது. அது அசையவில்லை.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"பதினாலு செவ்வாய்க்கிழமை டாக்டர்."

அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பயாப்ஸி (துளி சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்த நாளில் அவர் சொன்னது இது: குரல்வளையில் புற்று. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கதிர்வீச்சு மட்டும் கொடுத்துக் குரலைக் காப்பாற்ற வாய்ப்பு இருந்திருக்கும். இப்போது குரல்வளையை முழுவதும் எடுக்க வேண்டும். கழுத்தில் ஸ்டோமா (மூச்சு போய்வர நிரந்தரமான துளை) வைப்பார்கள். அதற்குப் பிறகு கதிர்வீச்சு.

"எடுத்தா பொழச்சுக்குவாரா டாக்டர்?" ஸ்டெல்லா கேட்டாள்.

"எடுக்கலைன்னா மாட்டார். எடுத்தா பாக்கலாம்மா."

என் தொழிலும் என் சேட்டையும் என் ஜெபமும் எல்லாமே ஒரே உறுப்பில் இருந்தன. அதைக் கழற்றி ஒரு ட்ரேயில் வைக்கப் போகிறார்கள். கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த நேரத்திலும் அழுகைச் சத்தம் கோழிச் சத்தமாக வந்து என்னைக் கேவலப்படுத்தியது.

அந்தோனியார் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாவம், அவரை நான் திரைச்சீலையாகத் தொங்கவிட்டு அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். கோபப்பட வேண்டிய ஆள் ஒருவன்தான். அவன் முகத்தைத் தினமும் நான்தான் ஷேவ் செய்துவிட வேண்டியிருந்தது.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாட்களில், என் சொந்தக் குரலில் கடைசியாக என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மயக்க மருந்து ஏறும்போது 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே போய்விடுவது என்று முடிவு செய்தேன். ஒரு புனிதனுக்கு உரிய ஏற்பாடு. உள்ளே கொண்டுபோனதும் முகமூடி போட்ட ஒரு பெண் குனிந்து, "கட்டுன பல்லு ஏதாச்சும் இருக்கா ஐயா?" என்றாள்.

"இல்லைங்க" என்றேன்.

அவ்வளவுதான். ஐம்பத்தொரு வருஷக் குரலின் கடைசிச் சொல்.

கண் விழித்ததும் நான் கத்தினேன். ஒன்றும் வரவில்லை. கழுத்துத் துளையில் காற்று மட்டும் சீறியது. எழுதிக்காட்ட ஒரு சிலேட்டு கொடுத்திருந்தார்கள். எல்.கே.ஜி. பையன் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இரண்டு வாரம் வாயால் ஒரு சொட்டு இல்லை. மூக்கில் செருகிய குழாய் வழியாகக் கஞ்சியும் பாலும் ஊற்றினார்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை ஸ்டெல்லா பெரிய சிரிஞ்சை உயரப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நாக்குக்குத் தெரியாமல் வயிறு நிறையும்.

பங்கு ஃபாதர் கொடைக்கானலில் இருந்து பஸ் ஏறி வந்து நோயில் பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது) கொடுத்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் சிலேட்டில் எழுதினேன்: ஜெபம் வரவில்லை. அந்தப் பக்கம் யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை.

அவர் ஏதாவது வசனம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கேலி செய்யத் தயாராகச் சாக்பீஸைக்கூடப் பிடித்துக்கொண்டேன். அவர் மூக்குக் குழாயைக் காட்டிக் கேட்டார்:

"இது ருசியா இருக்கா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"இருந்தாலும் ஸ்டெல்லா அக்கா ஊத்துறாங்கள்ல. அது மாதிரி வெச்சுக்கங்களேன். வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலைங்க. எனக்கும் நெறைய நாள் ஜெபம் வராது."

போகும்போது ஒரு சின்னப் புத்தகத்தை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் வரலாறு. தினமும் கஞ்சி ஊற்றி முடித்ததும் ஸ்டெல்லா அதில் இரண்டு பக்கம் படித்தாள்.

"கல்யாணம் ஆயி இருவத்தி மூணு வருசத்துல இப்பத்தாங்க குறுக்க பேசாமக் கேக்குறீங்க" என்றாள். சிரித்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புனிதர்கள் என்றால் எனக்கு அதுவரை டிராவல்ஸ் ஆபீஸ் மாதிரி. தொலைந்த பொருளுக்கு ஒருவர், தொண்டைக்கு ஒருவர், கைவிட்ட கேசுக்கு ஒருவர். சரியான கவுன்டரில் நின்றால் டிக்கெட் கிடைக்கும். இந்தத் தெரேசம்மாள் ஒரு மடத்துக் கன்னியாஸ்திரி, இருபத்து நாலு வயதில் காசநோயில் ரத்தம் கக்கி இறந்தவர். குணமாகவில்லை. கடைசி மாதங்களில் மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்ற இருட்டும் கூடவே இருந்திருக்கிறது. ஜெப நேரத்தில் தூங்கியும் போயிருக்கிறார். அதைக் கேட்டதும் முதல் தடவையாக ஒரு புனிதர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. இருட்டு போகவில்லை என்பதற்காக அவர் ஜெபத்துக்கு மணி அடித்ததும் எழுந்து போகாமல் இருக்கவில்லை. எழுந்து போனார். உட்கார்ந்தார். அவ்வளவுதான் செய்தார்.

எனக்கு அதனால் வெளிச்சம் வந்தது என்று எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும். வரவில்லை. கதிர்வீச்சு முப்பது நாளும் மதுரையில் ஸ்டெல்லாவின் அக்கா வீட்டில் கிடந்தேன். தொண்டை வெந்து எச்சில் விழுங்குவது கண்ணாடித்தூள் விழுங்குவது போல இருந்தது. செத்துப்போனால் என்ன என்று சிலேட்டில் எழுதி, யாரும் பார்க்குமுன் அழித்திருக்கிறேன். ஒரு முறை அழிக்க மறந்தேன். ஸ்டெல்லா படித்தாள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "கஞ்சிக்கு நேரமாச்சு" என்றாள்.

இப்போது கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் வீட்டில் இருக்கிறேன். உங்களில் சிலர் இதே துளையோடு வீடு திரும்புவீர்கள். யாரும் முன்கூட்டிச் சொல்லாத சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். மூச்சு மூக்கு வழியாகப் போகாததால் வாசனை அநேகமாகப் போய்விடும். யூகலிப்டஸ் மரத்தடியில் நிற்கிறேன், வெறும் மரம். மெழுகுவர்த்தியை ஊதி அணைக்க முடியாது. உதட்டைக் குவித்தால் கழுத்துத்தான் ஊதும். குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகக் கூடாது. எங்கள் ஊர்க் குளிர் சூடேறாமல் நேரே நெஞ்சுக்குள் இறங்கும். அதனால் கழுத்தில் எப்போதும் ஒரு துணி. பள்ளிப்பிள்ளைகள் அதைப் பார்க்கும்போது நான் கண்ணை உருட்டிப் பயமுறுத்துகிறேன். அந்தக் கலை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபமாலை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஜெபமாலையில் கோத்த ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஜெபம், அது இரண்டு பாதி. ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர் இரண்டாம் பாதியைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முதல் பாதி ஸ்டெல்லா. இரண்டாம் பாதி நான்.

ஊர் திரும்பிய அன்று ஸ்டெல்லா தன் பாதியை முடித்தாள். என் இடம் காலியாகக் கிடந்தது. கல்லூரியிலிருந்து வந்திருந்த மகள் ஜெனி சட்டென்று அதை எடுத்துச் சொன்னாள். நல்ல மனசோடுதான். நான் கையில் இருந்த டம்ளரைத் தரையில் அடித்தேன். ஜெனி அழுதுவிட்டாள். நான் அவளிடம் மன்னிப்புக்கூடக் கேட்க முடியாத ஊமைப் பிசாசாக உட்கார்ந்திருந்தேன்.

"அது அப்பாவோட பாதி" என்றாள் ஸ்டெல்லா. "அவுக சொல்லட்டும்."

"எப்படிம்மா சொல்வாங்க?"

"அவுக சொல்லுவாக. நாம இருப்போம்."

அன்றிலிருந்து ஒரே ஜெபமாலையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொள்கிறோம். அவள் தன் பாதியைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பாள். நான் உதட்டை மட்டும் அசைப்பேன். முடிந்ததும் என் பக்கமாக ஒரு மணியை இழுப்பேன். அந்த இழுப்பு விரலில் தெரிந்ததும் அவள் அடுத்ததைத் தொடங்குவாள். முன்பு என் பாதியை நாலு நொடியில் உருட்டிவிடுவேன், டிவி காத்திருக்கும். இப்போது இருபது நிமிஷ ஜெபமாலை முக்கால் மணி நேரம் ஓடுகிறது.

போன வாரம் பரிசோதனையில் டாக்டரம்மாவின் விரல் என் கழுத்தின் இடது பக்கம் போய் நின்றுவிட்டது. அங்கே ஒரு முடிச்சு. சோதிக்க ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை முடிவு தெரியும்.

நேற்றும் உட்கார்ந்தோம். வெளியே மேகம் ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா தன் பாதியை முடித்தாள். 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று மரியாளிடம் கேட்கிற என் பாதியில் இரண்டே நேரங்கள்தான் வருகின்றன: இப்பொழுதும், எங்கள் இறப்பின் வேளையிலும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். இப்போது மூச்சுக்கு வேறு பாதை. உதடு 'இப்பொழுதும்' என்ற இடத்தில் நின்றது. அந்தச் சொல்லுக்குள் இத்தனை இடம் இருந்தது எனக்குத் தெரியாது. ஸ்டெல்லாவின் விரல் மறுமுனையில் காத்திருந்தது. நான் மணியை இழுக்கவில்லை.