லைட் இல்லாமல் சைக்கிள் ஓட்டியவர்

மாதக் கடைசி நெருங்கினால் வரிசை வீடுகள் கொண்ட எங்கள் வளவுக்கு ஏட்டு ஐயாதுரை வருவார். யூனிபார்மில் வரமாட்டார். வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு குடை. வேல்சாமி வீட்டு வாசலில் நின்று, "ஏலே வேலு, நாளைக்குக் கொஞ்சம் வரணுமே" என்பார். விசேஷ வீட்டுக்கு அழைப்பது போல இருக்கும். வேல்சாமியும் எழுந்து நின்று, "வாரேன் ஏட்டையா" என்பார்.

மறுநாள் காலையில் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறுவார்கள். கோர்ட்டில் வேல்சாமியின் பெயரைக் கூப்பிட்டு, விளக்கு இல்லாமல் சைக்கிள் ஓட்டிய குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். "ஆமாங்கய்யா" என்பார். அவ்வளவுதான். அபராதத்தை ஏட்டையாவே கட்டிவிடுவார். திரும்பும்போது வேல்சாமியின் மனைவி சுடலைமாடத்தியிடம் கொடுக்கச் சொல்லி பால்கோவாப் பொட்டலம் ஒன்றும் வாங்கித் தருவார்.

வேல்சாமி அப்படி ஓட்டியதே கிடையாது. சத்திரப்பட்டித் தறிகளிலிருந்து பேண்டேஜ் துணி உருளைகளைக் கேரியர் சைக்கிளில் ஏற்றி, இராஜபாளையத்தில் அதை வெளுத்து வெட்டும் கம்பெனிக்குக் கொண்டுவருவது அவர் வேலை. பொழுது சாய்வதற்குள் சுமையை இறக்கிவிட்டு வீடு வந்துவிடுவார். ஆனால் ஸ்டேஷனில் மாதத்துக்கு இத்தனை கேஸ் என்று மேலே காட்டியாக வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் ஐயாதுரையைத்தான் கேட்பார்கள். வம்பு பண்ணாமல் வந்து தலையாட்டிவிட்டுப் போகிற ஆள் அவருக்குத் தேவைப்பட்டது. பதிலுக்கு, வேல்சாமி பஜாரில் எவ்வளவு அகலமாகச் சுமை ஏற்றிக்கொண்டு வந்தாலும் எந்தப் போலீஸும் நிறுத்தமாட்டார். மற்ற சுமைக்காரர்களின் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு, உச்சி வெயிலில் தள்ளிக்கொண்டு போகவிடுவார்கள். அந்தத் தொல்லை வேல்சாமிக்கு இல்லை.

டீக்கடையில் அவருக்குக் கோர்ட்டு மாப்பிள்ளை என்று பெயர். சலவை வேட்டியோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால், "என்ன மாப்பிள்ளை, மாமியார் வீட்டுக்கா?" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போவார்.

இதில் தப்பு இருப்பதாக எங்கள் வளவில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சேத்தூர் ரோட்டில் மில் கார்களும் தனியார் பஸ்களும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறந்தன. அவற்றை யாரும் கைகாட்டி நிறுத்தியதில்லை. ஒருமுறை வேல்சாமி ஏட்டையாவிடமே அதைக் கேட்டிருக்கிறார். அவர் ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொன்னாராம். "காரை நிறுத்துனா நான் சல்யூட் அடிச்சு முடிக்கதுக்குள்ள ஸ்டேஷனுக்குப் போன் வந்துரும். ஒன் சைக்கிளுக்கு யாருலே போன் பண்ணப்போறா?"

எண்பத்தேழில் நான் ஊரை விட்டுப் போனேன். ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாமல் வடக்கே பல ஊர்கள் சுற்றிவிட்டுத் தொண்ணூற்றாறில்தான் திரும்பினேன். நடுவில் நடந்ததை வேல்சாமியும் சுடலைமாடத்தியும் தனித்தனியாகச் சொன்னார்கள். ஒருவர் இருக்கும்போது மற்றவர் அதைப் பேசுவதில்லை.

சுடலைமாடத்தியின் தம்பி பொன்னுராஜ். சேத்தூர்க்காரன். இங்கே ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். தம்பி என்றாலும் அவளுக்கு அவன் பிள்ளைமாதிரி. தாய் இல்லாதவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்த ஒரு கார்த்திகை மாதம், மில் விட்டதும் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வேல்சாமி சேத்தூருக்குக் கிளம்பினார். இருட்டிவிடும் என்பதால் அந்த வாரம்தான் டைனமோவும் லைட்டும் புதிதாக மாட்டியிருந்தார். கண்மாய்க் கரையை ஒட்டிப் போகும்போது பொன்னுராஜ் பின்னாலிருந்து, "அத்தான், டபுள்ஸுக்கு இன்னைக்கு நெசமாவே கேஸு போடப்போறாவ" என்று சிரித்தானாம். "போட்டா போடட்டும்லே. லைட்டாவது எரியுதுல்லா" என்றாராம் இவர்.

வளைவில் எதிரே வந்த பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு மில் முதலாளியின் கார் ரோட்டின் இந்தப் பக்கத்துக்கே ஏறி வந்தது. வேல்சாமி வாய்க்காலில் போய் விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. பொன்னுராஜ் அங்கேயே போய்விட்டான்.

டைனமோ லைட் சக்கரம் சுற்றினால்தான் எரியும். போலீஸ் வந்தபோது சைக்கிள் ரோட்டோரம் கிடந்தது, லைட் எரியவில்லை. கார் டிரைவர் சொன்னதும் அதைத்தான்: இருட்டில் சைக்கிள் வந்ததே தெரியவில்லை, லைட் இல்லை.

கேஸை ஐயாதுரைதான் நடத்தினார். ஆஸ்பத்திரியில் வேல்சாமியின் கட்டிலருகே உட்கார்ந்து, சர்வீஸில் இந்த ஒரு கேஸையாவது உருப்படியாக நடத்திப் பார்க்கிறேன் என்று சொன்னாராம். பஸ் கண்டக்டரைத் தேடிப் பிடித்தார். அந்த மனிதர் கோர்ட்டுக்கு வந்தபோது, ஒன்றும் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். மிஞ்சியது வேல்சாமியின் வார்த்தை ஒன்றுதான்.

அதே கோர்ட். அதே கூண்டு. முதலாளி மதுரையிலிருந்து வக்கீல் வைத்திருந்தார். அந்த வக்கீல் குரலை உயர்த்தவே இல்லையாம்.

"லைட் இல்லாம சைக்கிள் ஓட்டுனேன்னு இதே கோர்ட்டுல பல தடவை ஒத்துக்கிட்டவர்தானே நீர்?"

"அது சும்மா சொன்னதுங்கய்யா. நான் அப்படி ஓட்டுனதில்லை."

"சும்மாவா? யாரு சொல்லச் சொன்னது?"

சுவரோரம் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஐயாதுரை நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. வேல்சாமி அவரைப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லச் சொல்லவில்லை என்றார்.

"யாரும் சொல்லாமலே பொய் சொல்லியிருக்கீரு. சரி. இன்னைக்கு லைட் எரிஞ்சுதுன்னு சொல்லுதீரே, அதுவும் சும்மாதானா?"

கோர்ட்டில் எல்லாரும் சிரித்தார்களாம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சுடலைமாடத்தியின் காதிலும் அந்தச் சிரிப்பு விழுந்தது. டிரைவர் விடுதலையானார். சைக்கிளில் விளக்கு எரிந்ததாக நம்ப இடமில்லை என்பது தீர்ப்பு.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"கோர்ட்டை விடுங்க. எங்கிட்டச் சொல்லுங்க. லைட்டு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

அவள் செத்த நேரம் அவர் முகத்தையே பார்த்தாளாம். "மாசாமாசம் அங்க போயி ஆமான்னு சொன்னப்பவும் இதே மொகத்தோடதான சொல்லியிருப்பீங்க."

அதன்பின் கொஞ்ச நாள் வேல்சாமி சாயங்காலமானால் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுப் பெடலைக் கையால் சுற்றிக்காட்டினார். வெளிச்சம் அவர்கள் வீட்டுச் சுவரில் வட்டமாக விழும். விபத்தில் அந்த லைட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். அவள் கோபப்பட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை, சோறு போடாமல் இருந்ததில்லை. ஆனால் கோர்ட்டிலிருந்து அவர் கொண்டுவந்த பால்கோவாவைத் தின்றவர்களில் பொன்னுராஜும் ஒருவன். "அவன் நாக்குல போட்டுச் சப்பிக்கிட்டு, அத்தான் இன்னொரு கேஸ் வாங்கலாம்லான்னு கேப்பான்" என்று சொல்லும்போது மட்டும் சுடலைமாடத்தியின் குரல் மாறியது.

ஐயாதுரை ரிட்டயரானார். புதிதாக வந்த கான்ஸ்டபிள் ஒருவர் ஒரு மாதக் கடைசி மாலையில், லைட் எரிய வந்துகொண்டிருந்த வேல்சாமியை நிறுத்தினார். சைக்கிள் நின்றது, லைட் அணைந்தது. லைட் எங்கே என்றார். சக்கரம் சுற்றினால்தானே எரியும் என்று இவர் சொன்னார். அது கான்ஸ்டபிளுக்குத் தெரியாதா? டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு, கோர்ட்டுக்கு வந்து ஆமா என்று சொல்லிவிட்டுப் போகும்படி சொன்னார்.

இந்தத் தடவை கோர்ட்டில் வேல்சாமி, "இல்லை" என்றார். லைட் எரிந்தது, கேஸை நடத்துகிறேன் என்றார். இப்படி ஒரு கேஸில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வாய்தா மேல் வாய்தா போட்டார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் வேலை போனது. விஷயம் தெரிந்து ஐயாதுரை குடையோடு வந்தார்.

"ஆமான்னு சொல்லிட்டு வாலே. ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும்."

"லைட் எரிஞ்சுதுன்னு ஒரு ஜட்ஜு எழுதணும் ஏட்டையா. ஒரே ஒரு தடவை. அதை அவகிட்டக் காட்டணும்."

"அது வேற நாளு, இது வேற நாளுலே."

"லைட்டு அதேதான."

ஐயாதுரை தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அதன்பின் அவர் எங்கள் வளவுக்கு வந்ததில்லை.

வேல்சாமி சொல்லாமலே சுடலைமாடத்தியும் வாய்தாவுக்குப் போகத் தொடங்கினாள். பின்வரிசையில் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பாள். கான்ஸ்டபிள் வரமாட்டார். அடுத்த வாய்தா போடுவார்கள். இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். ஒருமுறை அவளே சோறு கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள் என்று வேல்சாமி என்னிடம் சொன்னார். கோர்ட் வேப்பமரத்தடியில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்களாம்.

நான் ஊருக்கு வந்த பிறகு நடந்த வாய்தாவுக்கு அவர்களோடு போனேன். அன்று கூட்டம் அதிகம். புது மாஜிஸ்திரேட், தேங்கிக் கிடந்த சில்லறைக் கேஸ்களை ஒரேயடியாகத் தீர்த்துக்கொண்டிருந்தார். போலீஸ் தரப்பில் சாட்சி வராத கேஸ்கள் எல்லாம் தள்ளுபடி. பெயர்களை வரிசையாகப் படித்தார்கள். வேல்சாமி பெயரும் வந்தது. மற்றவர்கள் கும்பிட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். இவர் நகரவில்லை.

"ஐயா, லைட் எரிஞ்சுதுன்னு எழுதணும்" என்றார்.

மாஜிஸ்திரேட் தலை தூக்கவில்லை. அடுத்த கேஸ் கட்டு அவர் கையில் இருந்தது. கூப்பிடும் டவாலிதான் வேல்சாமியின் முழங்கையைப் பிடித்து, "ஒன்னைய விட்டாச்சுப்பா. பொறவு என்ன? போ, போ" என்று அழைத்துக்கொண்டு வந்து வாசலில் விட்டார்.

படியில் சுடலைமாடத்தி சோற்று வாளியோடு நின்றாள்.

"என்ன எழுதுனாவ?"

"ஒண்ணும் எழுதலை."

"எரிஞ்சுதுன்னும் எழுதலையா? எரியலைன்னுமா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் வாளியைக் கை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். அந்த வாளியை அன்று யாரும் திறக்கவில்லை.

அந்த வாரமே வேல்சாமி டைனமோவையும் லைட்டையும் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். எனக்குத் தெரிந்து அவர் வேண்டாம் என்று தூக்கிப் போட்ட ஒரே சாமான் அதுதான். இருட்டுவதற்குள் வீடு வந்துவிட வேண்டும் என்கிற நினைப்பும் போய்விட்டது. இருட்டு ரோட்டில் துணி உருளைகளோடு வருகிறார். முன்னால் வெறும் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆபத்து என்று நான் சொன்னேன். சுடலைமாடத்தி குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

மாதக் கடைசியில் பிடிக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறார். விளக்கு இல்லாமல் ஓட்டினாயா என்று கேட்கிறார்கள். ஆமாங்கய்யா என்கிறார். இப்போது அது உண்மை.